மாகாணி வெளிச்சம்

நேற்று மத்தியானத்திலிருந்து டீ இல்லை.
பெயர் கூப்பிட்ட பையன் "பேச்சியாமா" என்றான்.
நாற்பது வருஷமாய் இந்த ஊர் அப்படித்தான் கூப்பிடுகிறது,
எழுந்து போனேன்.

ஊசி ஈயப் பெட்டிக்குள் இருந்து வந்தது.
குத்திய பெண் உடனே இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.
கண்ணாடிக் குழாயில் இருந்தபோது அவள் பயந்த மருந்து
இப்போது என் ரத்தத்தில்.
பால் குடி, நட, காத்திரு என்றாள் மராத்தியில்.
எனக்கென்று தனிக் கக்கூஸ். அதன் கதவில்
மஞ்சள் மேல் கறுப்பாய் மூன்று இதழ்ப் பூ.

ஆறு மாதம் முன்பு நெஞ்சைப் பிளந்தார்கள்.
தாராவி தொண்ணூறடி ரோட்டில்
முப்பது வருஷம் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைத்தவள் நான்.
குளிக்கும்போது தழும்பைப் பார்ப்பேன்,
கீழே நாலு விரற்கடை கோணல்.
எங்கள் சேட் பார்த்திருந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பார்.
ஒட்டுத்துணி மட்டும் சரி.
வெளியே தெரியாத இடத்தில் வெட்டியெடுப்பதுதான் முறை,
இடது காலின் உள்பக்கம் எடுத்திருந்தார்கள்.
ஒட்டு பிடித்ததா என்று பார்க்கத்தான் இன்றைக்கு.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கச் சொன்னாள்.
ஒரு பெட்டி நெஞ்சைச் சுற்றி
நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது.
படம் எடுக்கிற பெட்டி வெளிச்சம் போடவில்லையே என்றேன்.
"வெளிச்சம் நீங்கதான் மௌஷி.
அது சும்மா பார்க்குது."

என்னை யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை.
மூக்கு அரித்தது. கை தூக்கியபடியே இருந்தேன்.

சொல்லக் கூடாதாம். ஆனாலும் திரையைத் திருப்பினாள்,
ஆபரேஷனுக்கு முந்தின படம் பக்கத்தில்.
அதில் அடிச்சுவர் கருநீலம்.
செத்த சதை என்றுதான் அப்போது
என் காது கேட்கப் பேசிக்கொண்டார்கள்.
இன்றைக்கு அங்கே ஆரஞ்சு,
பழுக்கத் தொடங்கிய பப்பாளி.
சாகவில்லையாம். பட்டினியில் தூங்கியிருக்கிறது.
ரத்தம் வந்து தட்டியதும் எழுந்துவிட்டது.
ஒரு மூலை மட்டும் எழவில்லை.
பேசும்போது அந்த மூலையை விரலால் மறைத்திருந்தாள்.
மறைத்தது தெரிந்தது.

"மீதியை டாக்டர் சொல்லுவார். வீட்டில் கர்ப்பிணி உண்டா?"
மருமகள் வைசாலி. ஐந்து மாதம்.
"விடியும்வரை ஆறடி தள்ளியே இருங்க."

எங்கள் வீடு பத்துக்குப் பதினைந்து.
அதில் கட்டில், ஃபிரிட்ஜ், மகனின் ஹெல்மெட்.
ஆறடி தள்ளினால்
அடுத்த வீட்டு அடுப்பின் மேல் நிற்பேன்.

அதனால் சயான் ஸ்டேஷன், கடைசி பெஞ்சு.
கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார வந்தாள்.
எழுந்து இடம் விட்டுத் தூரப் போனேன்,
மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.
ஆறு மணி நேரத்தில் பாதியாகுமாம் இந்த மருந்து.
அரை.
அப்புறம் கால். அரைக்கால்.
மாகாணி ஆக நாளை மத்தியானம் ஆகிவிடும்.
அதற்குக் கீழே வாய்ப்பாடு மறந்துவிட்டது.
நிற்காத ரயில்கள் காற்றை மட்டும் இறக்கிவிட்டுப் போகின்றன.

போன் அடித்தது. வைசாலி.
பத்து நாளாய்ப் பேச்சில்லை எங்களுக்குள்,
ஒரு குக்கர் விஷயம்.
"எத்தனை மணிக்கு அணைவீங்க?" என்றாள்.
காலையில் என்றேன்.
"சரி, நிமிர்ந்து பாருங்க."

எதிர் பிளாட்பாரத்தில் நிற்கிறாள்,
ஒரு கை இடுப்பில்.
"நடுவுல ரெண்டு தண்டவாளம் இருக்கு.
ஆறடிக்கு மேலதான், வேணும்னா அளந்துக்கங்க."

சிரித்தால் தையல் இழுக்கும் இன்னும்.
கல்யாண் ஃபாஸ்ட் வந்து அவளை மறைத்தது,
போனது, அங்கேயே நின்றாள்.
மேம்பாலத்தில் இசக்கிராஜ்
ஃபிளாஸ்க்கோடு ஏறிக்கொண்டிருக்கிறான்.
சர்க்கரை போட்டிருப்பாள்.
சொன்னால் கேட்க மாட்டாள்.